பென்ட்லிக்கு எந்த வயசு நல்ல வயசு?

பணம் இல்லாதவர்களுக்குக் கார் வாங்குவதில் ஒரு பெரிய வசதி உண்டு. குழப்பம் கிடையாது. கையில் இருக்கிற தொகைக்கு எது அகப்படுகிறதோ அதுதான் கார். மற்றவை எல்லாம் எதிரே வரும்போது ஒதுங்கி வழிவிட வேண்டியவை. பணம் உள்ளவர்கள் பாடுதான் பரிதாபம். எதை வாங்க முடியும் என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதே இல்லை என்பதால், எதை வாங்குவது என்ற கேள்வி சட்டமாக வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மறுக்கிறது. இங்கிலாந்தில் க்ரூ என்ற ஊரில் தயாராகும் பென்ட்லி கான்டினென்டல் ஜிடி இந்த அவஸ்தையைத் தருவதில் கைதேர்ந்த கார். 2003-இல் முதல் தலைமுறை வந்தது, 2011-இல் இரண்டாவது, 2018-இல் மூன்றாவது, 2024-இல் நான்காவது. நான்கும் இன்று பிரிட்டிஷ் சந்தையில் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. ஒரு கோடியில் 20 ஆயிரம் பவுண்டை ஒட்டிய விலையில் முதல் தலைமுறை. மறு கோடியில் 2 லட்சத்து 30 ஆயிரம் பவுண்டுக்கு மேல் நான்காம் தலைமுறை. விலையில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் தெருமுனையில் நின்று பார்க்கிறவருக்கு நான்கும் ஒரே வண்டிதான்: அதே அகன்ற இடுப்பு, அதே நீண்ட மூக்கு, அதே சிறகு முளைத்த பி. எதை எடுப்பது? இதற்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். வாங்கப் போகிறவர் ஏற்கெனவே ஒன்றின் மேல் கண் வைத்துவிட்டு அதற்கேற்ற நியாயம் தேடுவார். வாங்கவே வழியில்லாதவனிடம் அந்தப் பாரபட்சம் இருக்காது.

முதலில் இந்த வண்டியின் உத்தியோகம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பந்தயக் காருக்கு ஒரு வேலை. அது வட்டத்தைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்பது. கிராண்ட் டூரருக்கு நேர் எதிரான வேலை. காலையில் ஒரு நாட்டில் காபி குடித்தவரை, பெட்டி படுக்கையோடு, இரவுச் சாப்பாட்டுக்கு வேறொரு கடற்கரையில் சட்டை கசங்காமல் இறக்கிவிட வேண்டும். பென்ட்லிக்கு இதில் ஒரு பூர்வீகப் பெருமை உண்டு. 1930 மார்ச்சில், அப்போது அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்த உல்ஃப் பர்னாட்டோ, பிரெஞ்சுத் தென்கரையின் கானிலிருந்து கலே துறைமுகத்துக்குப் போகும் புகழ்பெற்ற நீல ரயிலைத் தன் பென்ட்லி ஸ்பீட் சிக்ஸால் முந்திக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டினார். ரயில் கலேயைத் தொடுவதற்குச் சில நிமிடம் முன்னால், அவர் கால்வாயையும் தாண்டி லண்டனில் தன் மனமகிழ் மன்றத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு ரயிலோடு போட்டி போட வேண்டிய அவசியம் ஒரு கம்பெனித் தலைவருக்கு ஏன் வந்தது என்று கேட்கக் கூடாது. அந்தக் காலத்துப் பணக்காரர்களுக்குப் பொழுது போவது அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது.

இந்தக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. பழைய மாடலா புதிய மாடலா என்ற வழக்கில் இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. நீல ரயில் பென்ட்லி என்றதும் பல பத்தாண்டுகளாக எல்லோர் கண்முன்னும் வந்தது, கர்னி நட்டிங் கூடு கட்டிய, கூரை தாழ்ந்து பின்புறம் சரிந்து இறங்கும் அழகான கூப்பே. ஓவியங்களில் ரயிலோடு பக்கத்தில் ஓடுவதும் அதுதான். பிறகு தேதிகளைச் சரிபார்த்தபோது, அந்தக் கூப்பே முடிந்து வெளிவந்ததே பந்தயம் நடந்து இரண்டு மாதம் கழித்து, 1930 மே மாதத்தில்தான் என்று தெரிந்தது. ரயிலை முந்தியது முல்லினர் கூடு கட்டிய, நாலு கதவு கொண்ட, பார்வைக்குச் சாதாரணமான பழைய செடான். ஓடியது ஒன்று, பேர் வாங்கியது பிறகு வந்த பளபளப்பு. புதிய மாடல் வந்தவுடன் பழையதன் உழைப்பெல்லாம் அதன் கணக்கில் எழுதப்படுவது அன்றே தொடங்கிவிட்டது. கார் விற்பனைக் கூடத்தில் நிற்கிறவர் இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொண்டு காதில் விழுவதை எல்லாம் கேட்கலாம்.

அங்கே முதலில் காதில் விழுவது வேகம். 2003-இன் வண்டியில் பன்னிரண்டு சிலிண்டர், இரண்டு டர்போ, 560 குதிரைத்திறன், உச்ச வேகம் மணிக்கு 318 கிலோமீட்டர். 2024-இன் வண்டியில் எட்டு சிலிண்டரும் ஒரு மின்மோட்டாரும் சேர்ந்து 782 குதிரைத்திறன், உச்ச வேகம் 335. இருபத்தொரு வருடப் பொறியியல், இருநூற்றுக்கு மேற்பட்ட கூடுதல் குதிரைகள். கிடைத்தது மணிக்கு 17 கிலோமீட்டர். அதையும் எங்கே போய்ச் செலவழிப்பது? பிரிட்டிஷ் மோட்டார்வேயில் மணிக்கு 70 மைல். பிரெஞ்சு நெடுஞ்சாலையில் 130 கிலோமீட்டர், மழை பெய்தால் 110. ஜெர்மனியில் கட்டுப்பாடு இல்லாத சில நீளங்கள் உண்டு. அங்கே முன்னால் போகிற லாரிகள் கட்டுப்பாட்டைக் கவனித்துக்கொள்கின்றன. 2007-இல் ராலி வீரர் யூஹா கன்குனன் முதல் தலைமுறை வண்டியை எடுத்துக்கொண்டு பின்லாந்தில் உறைந்துபோன கடலின் மேல் மணிக்கு 321 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். உறைந்த கடலில் 321 போக முடிந்த வண்டி, உலர்ந்த சாலையில் 130 போகச் சிரமப்படும் என்று யாரும் சொல்லப் போவதில்லை. நிலையிலிருந்து நூறைத் தொட முதல் தலைமுறைக்கு 4.8 வினாடி, நான்காவதற்கு 3.2. மிச்சமாகும் ஒன்றரை வினாடியில் நல்ல காரியம் எதையும் செய்துவிட முடியாது. ஆகவே வேகத்தை இந்த வழக்கிலிருந்து தள்ளுபடி செய்யலாம்.

தள்ளுபடி செய்ய முடியாத ஒன்று, ஒரு டேங்க் பெட்ரோலுக்கு எவ்வளவு தூரம் என்பது. தூரம் போவதற்கென்றே பிறந்த வண்டியை அதில்தானே சோதிக்க வேண்டும்? பர்னாட்டோவின் பாதையையே எடுத்துக்கொள்வோம். கலேயிலிருந்து கான் வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். முதல் தலைமுறையின் டேங்க் 90 லிட்டர். அரசாங்கச் சோதனைக் கணக்குப்படி நூறு கிலோமீட்டருக்கு 17 லிட்டர் குடித்தது. வகுத்துப் பார்த்தால் ஐந்நூற்றுச் சொச்சம்தான் வருகிறது. வழியில் இரண்டு முறை பங்க்கில் நிற்க வேண்டும். 2012-இல் இரண்டாம் தலைமுறைக்கு நாலு லிட்டர் வி-8 எஞ்சின் ஒன்று கொடுத்தார்கள். சீராக ஓடும்போது எட்டில் நாலு சிலிண்டர் தானே வேலையை நிறுத்திக்கொள்ளும். அதே 90 லிட்டர் டேங்கில் 500 மைலுக்கு மேல், அதாவது 800 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்றது கம்பெனி. வழியில் ஒரே ஒரு நிறுத்தம். சரி, நான்காம் தலைமுறை? மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்து மொத்தம் 859 கிலோமீட்டர். அதற்கும் ஒரு நிறுத்தம். பன்னிரண்டு வருடம் கழித்து, ஒரு மின்மோட்டாரும் 25.9 கிலோவாட்-மணி பேட்டரியும் சுமந்துகொண்டு, 2012-இன் வண்டி எந்த பங்க்கில் நின்றதோ அதே பங்க்கில்தான் இதுவும் போய் நிற்கிறது.

உடனே விஷயம் தெரிந்தவர் ஒருவர் கையை உயர்த்துவார். 2012-இல் இருந்த ஐரோப்பியச் சோதனை முறை தாராள மனம் கொண்டது. 2017-க்குப் பிறகு வந்த முறை கறாரானது. இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைக்கலாமா என்பார். நியாயமான ஆட்சேபம். பழைய சோதனை, கார் கம்பெனிகளின் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் நடத்திய தேர்வு என்பதில் சந்தேகம் இல்லை. ஆகவே 2012-இன் எண்ணில் தாராளமாகவே ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவோம். அப்போதும் 640 மிஞ்சுகிறது. 1,200-க்கு ஒரு நிறுத்தம் போதும். அடுத்த ஆட்சேபம் மின்சாரம். நான்காம் தலைமுறை பெட்ரோலைத் தொடாமலேயே 81 கிலோமீட்டர், அதுவும் மணிக்கு 140 வரை போகும். சத்தமே இல்லாமல் ஊருக்குள் வளைய வரலாம், புகை கக்காது, அக்கம்பக்கத்தார் சாபம் குறையும். இதெல்லாம் உண்மை, தினமும் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு இது பெரிய விஷயம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் வண்டிக்கு வேலை ஊருக்கு வெளியே. கலேயிலிருந்து 81 கிலோமீட்டர் போனால் அராஸ் கூட வந்திருக்காது. அதற்கப்புறம் கான் வரைக்கும் அந்தப் பேட்டரி பெரும்பாலும் ஒரு கனமான பயணிதான். வழியில் நிறுத்தி முழுக்கச் சார்ஜ் ஏற்றலாமே என்றால் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். பர்னாட்டோவுடைய ரயில் அதற்குள் எங்கேயோ போயிருக்கும். எஞ்சினே ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியை நிரப்பிக்கொள்ளவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெட்ரோலை எரித்து மின்சாரம் செய்து, பெட்ரோலை மிச்சம் பிடிக்கலாம்.

இப்போது வயது என்பதன் பக்கம் வருவோம். ஒரு காரின் எல்லா உறுப்புக்கும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. பென்ட்லியின் உட்புறத்தில் இருக்கும் வால்நட் மரப் பலகை இருபது வருடத்தில் இன்னும் கொஞ்சம் மெருகேறியிருக்கும். தோல் இருக்கை சற்றே பளபளத்துக் குழைந்திருக்கும். காற்று வரும் துவாரங்களைத் திறந்து மூட, ஆர்கன் வாத்தியத்தில் இருப்பது போன்ற உலோகக் குமிழ்கள் வைத்திருக்கிறார்களே, அவை இன்னும் அதே கனத்தோடு விரலுக்கு அடங்கும். அதே டேஷ்போர்டின் நடுவில் 2003-இல் வைத்த சின்னத் திரையைப் பாருங்கள். அப்போது அது எதிர்காலம். இன்று அதன் வழிகாட்டி அறிந்திருக்கும் ஐரோப்பாவில் பல சாலைகள் இல்லை. கையுறைப் பெட்டிக்குள் ஆறு சிடி விழுங்கும் கருவி ஒன்று காத்திருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு அதன் உபயோகத்தை விளக்கத் தனியாக ஒரு பயணம் வேண்டும். க்ரூ ஊர்த் தச்சரும் தோல் தைப்பவரும் செய்தது அப்படியே இருக்கிறது. மின்னணுக்காரர் செய்தது மட்டும் கிழடாகிவிட்டது. இதிலிருந்து என் வாதத்தின் நடு நரம்பு கிடைக்கிறது. ஆடம்பரக் காரில் வயதாவது புதுமைதான். எந்த மாடலில் புதுமை அதிகமோ, நாளைக்கு அதுதான் அதிகம் கிழடாகும்.

இதை நான் சொல்லவில்லை, பென்ட்லியே சொல்லியிருக்கிறது. 2018-இன் மூன்றாம் தலைமுறையில் 12.3 அங்குலத் தொடுதிரை ஒன்று வைத்தார்கள். கூடவே, தனிக் காசு கொடுத்தால், அந்தத் திரையை மறைப்பதற்கு ஒரு ஏற்பாடும் வைத்தார்கள். டேஷ்போர்டின் நடுப்பகுதி மூன்று முகம் கொண்டு சுழலும். ஒரு முகத்தில் திரை. இன்னொரு முகத்தில் பழைய பாணியில் முள் ஆடும் மூன்று வட்டங்கள்: வெளிவெப்பம், திசைகாட்டி, காலமானி. மூன்றாவது முகம் வெறும் மரப் பலகை. யோசித்துப் பாருங்கள். திரைக்குப் பணம் வாங்கினார்கள்; அந்தத் திரை கண்ணில் படாமல் இருக்க மேலும் பணம் வாங்கினார்கள்; வாங்கியவர்கள் இந்த இரண்டாவது செலவைத்தான் நண்பர்களை உட்காரவைத்துப் பொத்தானை அமுக்கி அமுக்கிக் காட்டினார்கள். உலகத்திலேயே விலை உயர்ந்த அம்சம், அந்த இடத்தில் ஒன்றும் இல்லாதது. நான்காம் தலைமுறையின் முகப்பும் இதே ரகம். 1950-களுக்குப் பிறகு முதன்முறையாகப் பக்கத்துக்கு ஒற்றை விளக்கோடு தொடர் உற்பத்தியில் வரும் பென்ட்லி என்று அதைப் பெருமையாக அறிமுகம் செய்தார்கள். புதுமை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எழுபது வருடத்துக்கு முந்தைய இடத்தில் வந்து நிற்கிறது.

இவ்வளவு கேட்டவர், அப்படியானால் இருபதாயிரம் பவுண்டு வண்டியே போதுமே என்று எழுந்து கிளம்பக் கூடும். உட்காருங்கள். 2003-இல் அந்த வண்டி 1 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு. இன்று விலை ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. உதிரிப் பாகத்தின் விலைக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. அது தன்னை இன்னமும் லட்ச பவுண்டுக் காரின் அவயவமாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. யானையைச் சும்மா கொடுக்கிறேன் என்று ஒருவர் வந்தால், அவர் முகத்தில் இருக்கும் நிம்மதியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அந்த டபிள்யூ-12 எஞ்சின் ஓர் அற்புதம். குறுகிய கோணத்தில் ஆறு ஆறாக அமைந்த இரண்டு எஞ்சின்களை ஒரே கிராங்க் தண்டில் கோத்து, வழக்கமான பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினைவிட நீளத்தைக் குறைத்திருக்கிறார்கள். அற்புதத்தின் மறுபக்கம், மூடியைத் திறந்தால் விரல் நுழைய இடம் கிடையாது. டர்போவைத் தொட வேண்டுமா, எஞ்சினையே இறக்க வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் வயதானால் இரவில் மெல்லப் பெருமூச்சு விட்டுக் காலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். முன்கண்ணாடிக்குக் கீழே மழைத்தண்ணீர் வடியும் துளைகளில் இலைச் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் மின்னணுப் பெட்டிகளை விசாரிக்க உள்ளே போகும். டிக்கியில் இரண்டு பேட்டரிகள் உண்டு; சில வாரம் ஓட்டாமல் விட்டால் இரண்டும் சோர்ந்துவிடும். ஆகவே வீட்டில் நிற்கும்போதும் இதற்குச் சார்ஜர் மாட்டி வைக்கிறார்கள். மின்சாரக் கார் வருவதற்கு வெகுகாலம் முன்பே பென்ட்லிக்காரர்கள் இரவில் வண்டிக்கு ஒயர் செருகப் பழகிவிட்டார்கள் என்று இதைச் சொல்லலாம்.

இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள் பழைய வண்டியின் அன்பர்கள். 1998-இல் பென்ட்லியை வாங்கியது ஃபோக்ஸ்வேகன். முதல் தலைமுறையின் அடித்தளமும் எலும்பும் அதே கம்பெனியின் ஃபேட்டன் காரோடு பங்கு போட்டுக்கொண்டவை. அதனால் பல பாகங்களை ஃபோக்ஸ்வேகன், ஆடி டப்பாவில் வாங்கினால் விலை குறையும் என்பார்கள். சரிதான். சிறகு அச்சிட்ட டப்பாவுக்கும் அச்சிடாத டப்பாவுக்கும் இருக்கும் விலை வித்தியாசம், அட்டைப்பெட்டி வரலாற்றிலேயே பெரியதாக இருக்க வேண்டும். ஆனால் பாகத்தில் மிச்சம் பிடிக்கலாமே தவிர, அதை மாட்டுகிற மணி நேரக் கூலியில் முடியாது. அதைவிட முக்கியமாக, கிராண்ட் டூரர் தரும் சுகம் என்பதே எரிச்சலும் கவலையும் இல்லாமல் தூரத்தைக் கடப்பது. எச்சரிக்கை விளக்கு எப்போது எரியும் என்று ஒரு கண்ணை முள்ளிலேயே வைத்துக்கொண்டு பர்கண்டித் திராட்சைத் தோட்டங்களைத் தாண்டுகிறவர், என்ன விலைக்கு வாங்கியிருந்தாலும், இந்த வண்டியின் உட்கருவை வாங்கவில்லை. ஊர்சுற்றப் பயந்து வீட்டில் நிற்கும் கிராண்ட் டூரர் வெறும் பெரிய கார்.

அதனால்தான் புதிதாக வாங்க வேண்டும் என்று வாரண்டித் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்க்கட்சி வரும். மூன்று வருடம், எத்தனை மைல் ஓடினாலும் கம்பெனி பொறுப்பு. கவலை என்று சொன்னாயே, இதோ கவலைக்கு மருந்து என்பார்கள். மருந்து பலிக்கும், விலை என்ன என்று பார்க்க வேண்டாமா? இந்த ரக வண்டி முதல் சில வருடங்களில் பணத்தை உதிர்க்கும் வேகத்துக்கு வாரண்டி கிடையாது. ஆக, இரண்டு வகைச் செலவு இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர் நஷ்டத்தை நிச்சயமாகக் கட்டுகிறார். ரொம்பப் பழசை வாங்குகிறவர் பயத்தைத் தவணை முறையில் கட்டுகிறார். இரண்டுக்கும் நடுவே, நஷ்டத்தை முந்தைய சொந்தக்காரர் ஏறக்குறைய கட்டி முடித்திருக்க, பயம் இன்னும் தொடங்காத ஒரு சில வருடங்கள் இருக்கின்றன. அந்த ஜன்னலுக்குள் கை விடத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர். என் கணக்கில் அது 2012-க்கும் 2017-க்கும் நடுவில் வந்த இரண்டாம் தலைமுறை வி-8, அதிலும் கடைசி வருடங்கள். 507 குதிரைத்திறன், அதை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் அமைப்பு, எட்டு கியர், மூக்கில் டபிள்யூ-12 என்ற பாறாங்கல் இல்லை.

வி-8 என்றதும் பரம்பரைப் பென்ட்லி ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். வந்த நாளிலேயே சுளித்தார்கள். ஆடியோடு பங்கு போட்டுக்கொண்ட எஞ்சின். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. சின்னத்தில் கறுப்புக்குப் பதில் சிவப்பு. புகைக்குழாய் முனை வேறு எட்டு என்ற எண்ணின் வடிவத்தில், குறையைத் தானே அறிவித்துக்கொண்டு. குலத்தாழ்ச்சி என்றார்கள். அவர்கள் தலையில் காலமே குட்டிவிட்டது. ஒரு லட்சத்துக்கு மேல் செய்து முடித்த டபிள்யூ-12 எஞ்சினை 2024 ஜூலையில் பென்ட்லி நிறுத்தியது. அதே வருடம் வந்த நான்காம் தலைமுறைக்குள் உட்கார்ந்திருப்பதும் நாலு லிட்டர் வி-8தான், மின்மோட்டாரின் துணையோடு. தாழ்ந்த குலம் என்று சொன்னதுதான் கடைசியில் வாரிசாக நின்றது. அதை மலிவாக, மோட்டாரும் பேட்டரியும் இல்லாமல், 2012-இன் பதிப்பிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் நான் சொல்வது.

மூன்றாம் தலைமுறையை நான் அநியாயமாகத் தாண்டிப் போகிறேன் என்று சொன்னால், பாதி உண்மை. ஓட்டுவதற்கு அது இவற்றில் நல்ல வண்டி. முன்சக்கரங்களை 135 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி வைத்தார்கள். முந்தைய இரண்டு தலைமுறைகளும் வளைவில் மூக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு போவதற்கு இருந்த காரணம் அதோடு போயிற்று. 48 வோல்ட் அமைப்பு ஒன்று வண்டி சாயாமல் பிடித்துக்கொள்கிறது. தானே பிரேக் போடுவது, கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கை அசைத்து எச்சரிப்பது போன்ற பாதுகாப்புகளும் கூடுதல். குழந்தைகளோடு போகிறவர் இதற்காகவே அதை எடுத்தால் மறுத்துப் பேச மாட்டேன். ஆனால் அது இன்னும் நஷ்டத்தை உதிர்த்து முடிக்கவில்லை. இன்னும் ஆறேழு வருடம் போகட்டும். வேறொருவர் கட்டி முடிக்கட்டும்.

பழசு வாங்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதுதான், யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெரிய ஆட்சேபம். பிரிட்டனில் இது இன்னும் சிக்கல், 2001 முதல் அங்கே வண்டி எண்ணிலேயே பதிவான காலம் எழுதியிருக்கும். 53 என்று இருந்தால் 2003 செப்டம்பர் முதல் ஆறு மாதம். ஜாதகத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுவதைப் போல. இதற்கு அங்குள்ள கனவான்கள் கண்டுபிடித்த பரிகாரம், காசு கொடுத்துத் தனி எண் வாங்குவது. வண்டியை உண்மையான வயதைவிடப் புதிதாகக் காட்டும் எண்ணை மாட்டச் சட்டம் விடாது. வருடமே தெரியாத பழங்கால எண்ணை மாட்டலாம். ஆகையால் பழைய பென்ட்லிகளில் பல, வண்டியைவிடப் பழைய எண்ணோடு உலவுகின்றன. புதிதென்று பொய் சொல்ல முடியாதபோது வயதே இல்லை என்று சொல்லிவிடுவது. சட்டமே இளமையை இப்படிப் பாதுகாத்துக் கொடுக்கும் நாட்டில் நாலு பேருக்காக இன்னும் 2 லட்சம் பவுண்டு கொடுப்பது வீண். வரி விஷயத்திலும் அந்த அரசாங்கத்துக்குப் பழசின் மேல் ஒரு கருணை. 2006 மார்ச் 23-க்கு முன் பதிவானவற்றுக்குச் சாலை வரிக்கு ஓர் உச்ச வரம்பு வைத்து, அதற்குப் பிந்தியவற்றை மேல்தட்டில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு வண்டிகளில் மார்ச் மாதத்தது குறைவாகவும் ஏப்ரல் மாதத்தது அதிகமாகவும் கட்டுகின்றன.

பழசு நாளைக்கு அரும்பொருளாகி விலை ஏறும் என்று முதலீட்டு ஜோசியம் சொல்கிறவர்களுக்கு அதிக நேரம் தேவையில்லை. 1952-இல் தொடங்கி வந்த ஆர்-டைப் கான்டினென்டல் இன்று செல்வந்தர்களே பெருமூச்சு விடும் விலைக்குப் போகிறது என்றால், அது மொத்தமே 208 வண்டிகள் என்பதால். கான்டினென்டல் ஜிடி எண்பதாயிரத்தைத் தாண்டி வெகுநாளாயிற்று. பூமியில் இத்தனை ஆயிரம் பேர் வைத்திருக்கும் பொருள் அரிதாக வேண்டுமானால், மற்றவர்களுடையது எல்லாம் ஏர் சஸ்பென்ஷனில் சரிந்து விழும்வரை நம்முடையது மட்டும் நின்றாக வேண்டும். அந்தப் போட்டியில் பந்தயம் கட்ட பர்னாட்டோ மனசு வேண்டும்.

கடைசியாகப் பின் இருக்கைகள். நாலு பேர் உட்காரும் கார் என்று நான்கு தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். இரண்டாம் தலைமுறையில் பின்னால் கால் வைக்க 46 மில்லிமீட்டர் இடம் கூட்டியதாக அறிவித்தார்கள். முழங்காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அதன்பின் முழங்காலுக்கும் மோவாய்க்கும் நடுவே ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ள முடிந்தது. மாமியாரை ஒரு தடவை உட்காரவைத்தால் அடுத்த தடவை ரயிலில் வருகிறேன் என்பார். டிக்கி பரவாயில்லை, மூன்றாம் தலைமுறையில் 358 லிட்டர். தென்கரைக்குப் போகிற இரண்டு பேரின் பெட்டிகளைக் கௌரவமாக விழுங்கிக்கொண்டிருந்தது. நான்காம் தலைமுறையில் பேட்டரி பின்னால் வந்து குடியேறியதும் அது 260 லிட்டராகச் சுருங்கிவிட்டது. மிஞ்சுகிற பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டால் விற்பனையாளர் பின் இருக்கையைக் காட்டுவார். இருபது வருடம் கழித்து அதற்கும் ஓர் உருப்படியான வேலை கிடைத்திருக்கிறது.